நான்கு வயதுச் சிறுவனின் இருமலும் துய்னா மசாஜும்: ஜினானில் கண்ட ஒரு நிகழ்வு

2023 நவம்பரில் வட சீனாவின் குழந்தைகள் மருத்துவமனைகளில் உட்கார இடம் கிடையாது. மே மாதத்திலிருந்தே, நிமோனியாவை உண்டாக்கும் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியா பரவிக்கொண்டிருந்தது. அக்டோபரில் இன்ஃப்ளூயன்ஸா, மூச்சுப்பாதையைத் தாக்கும் ஆர்எஸ்வி, அடினோ ஆகிய வைரஸ்களும் சேர்ந்துகொண்டன. கோவிட் கட்டுப்பாடுகள் நீங்கியபின் வந்த முதல் முழுக் குளிர்காலம் அது. நவம்பர் 22 அன்று உலக சுகாதார நிறுவனம் சீனாவிடம் விவரம் கேட்டது. புதிய கிருமி எதுவும் இல்லை, எல்லாம் பழைய ஆட்கள்தான் என்று மறுநாளே பதில் வந்தது. அதற்குள் உலகமே கவலைப்பட ஆரம்பித்திருந்தது.

ஷான்டோங் மாகாணத் தலைநகர் ஜினானில், ஒரு பொது மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் அப்போது நான் பயிற்சியில் இருந்தேன். அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் துய்னா பிரிவு. மருந்து இல்லாமல், கையால் தள்ளியும் தேய்த்தும் பிசைந்தும் செய்கிற சீன மசாஜ் அது. சீனாவில் பெரிய மருத்துவமனைகள் பலவற்றில் இப்படி இரண்டு மருத்துவ முறைகளும் ஒரே கூரையின் கீழ் இருப்பதுண்டு. ஒரே இருமலுக்காக அந்த இரண்டு தளங்களுக்கும் இடையே ஏறி இறங்கிய ஒரு சிறுவனைப் பற்றியது இந்த ஆய்வு. அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நோயாளியும் முதல் பரிசோதனையும்

வயது நான்கு ஆண்டு இரண்டு மாதம், எடை 16.5 கிலோ. தடுப்பூசிகள் சரியாகப் போடப்பட்டிருந்தன. ஆஸ்துமா, ஒவ்வாமை, முன்பு மருத்துவமனையில் சேர்த்தது என எதுவும் இல்லை. பகலில் மழலையர் பள்ளி, மாலையில் அப்பாவின் அம்மாவிடம். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள்.

முதல் இரண்டு நாள் 38.3 டிகிரி வரை காய்ச்சல், மூக்கொழுகல். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது, இருமல் பிடித்தது. எங்களிடம் வந்தது ஐந்தாம் நாள். அதற்கு முந்தைய இரவு இருமலால் ஆறு முறை விழித்திருக்கிறான். பகலில் பரவாயில்லை, விளையாடுகிறான். ஆனால் சாப்பாடு பாதிதான் இறங்குகிறது.

உடல் வெப்பம் 36.9. நிமிடத்துக்கு 28 மூச்சு. ரத்தத்தில் ஆக்சிஜன் 98 சதவீதம். விலா எலும்புகளுக்கு இடையே தசை உள்வாங்கவில்லை. மார்பில் சளி உருளும் சத்தம் கேட்டது. இருமியதும் அது இடம் மாறியது. வீசிங் இல்லை. விரலில் குத்தி எடுத்த ரத்தத்தில் வெள்ளையணு எண்ணிக்கையும், அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவும் இயல்பாக இருந்தன. இன்ஃப்ளூயன்ஸா சோதனையில் எதுவும் இல்லை. மைக்கோபிளாஸ்மாவுக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடிய சோதனையிலும் இல்லைதான். ஆனால் அந்த எதிர்ப்பொருள் ரத்தத்தில் தென்பட ஒரு வாரம் பிடிக்கும். ஐந்தாம் நாளில் அதை நம்பி எதையும் விலக்க முடியாது. மூத்த மருத்துவர் அதைக் கோப்பிலும் எழுதி வைத்தார்.

வைரஸ் தொற்றுக்குப் பின் வரும் இருமல் என்று முடிவாயிற்று. எக்ஸ்ரே வேண்டாம், ஆன்டிபயாட்டிக் வேண்டாம். படுக்கும்போது ஒரு சிறு கரண்டி தேன். நவம்பர் நடுவிலிருந்து வட சீன வீடுகளில் மைய வெப்பமூட்டல் ஓட ஆரம்பித்துவிடும், அறைக்காற்று காய்ந்துபோகும். அதனால் ரேடியேட்டர் மேல் ஈரத்துண்டு போடச் சொன்னார். மறுபடி காய்ச்சல் வந்தாலோ, மூன்று நாளில் முன்னேற்றம் இல்லாவிட்டாலோ திரும்ப வரச் சொன்னார்.

பாட்டிக்கு இது போதவில்லை. அவர் கேட்டது டிரிப். சீனாவில் ஒரு தலைமுறைக்கே சளி, இருமல் என்றால் கையில் ஊசி குத்தி பாட்டில் தொங்கவிடுவதுதான் வைத்தியம். ஜியாங்சு மாகாணம் 2016-ல் வெளிநோயாளிகளுக்கு ஆன்டிபயாட்டிக் டிரிப் ஏற்றுவதை நிறுத்தியபோதுகூடக் குழந்தைகள் மருத்துவமனைகளுக்கு விலக்கு இருந்தது. எங்கள் மருத்துவர் மறுத்ததும் பாட்டி வேறு மருத்துவமனைக்குக் கிளம்பத் தயாரானார். தாய்க்கு அதில் துளியும் விருப்பமில்லை. இரண்டு பேரும் ஒத்துக்கொண்ட நடுவழிதான் கீழ்த்தளத்து மசாஜ். அந்தச் சமரசம் இல்லாதிருந்தால் அன்று மாலையே எங்கோ ஓரிடத்தில் செஃபலோஸ்போரின் என்ற ஆன்டிபயாட்டிக் ஏறியிருக்கும் என்பது என் ஊகம். அந்த வகை மருந்து தாக்குவது கிருமியின் செல்சுவரை. மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவர் கிடையாது என்பதால் அதை ஒன்றும் செய்யாது.

மசாஜ் அறையில்

குழந்தைகளுக்கான துய்னா, பெரியவர்களுக்குச் செய்வதைச் சின்னதாக்கியது அல்ல. அதற்குத் தனி வரைபடம் உண்டு. 1601-ல் வெளிவந்த யாங் ஜிஜோவின் அக்குபங்சர் தொகுப்பில் குழந்தைகள் மசாஜ் பற்றிய ஒரு நூல் சேர்க்கப்பட்டிருக்கிறது. இத்துறையில் இன்றைக்கு மிஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது அதுதான் என்கிறார்கள். பெரியவர்களின் அக்குபங்சர் புள்ளிகள் உடல் முழுக்கப் பரவியிருக்க, குழந்தைகளுக்குப் பாதிக்கு மேல் கையிலேயே இருக்கின்றன. புள்ளி மட்டுமல்ல, கோடும் பரப்பும்கூட உண்டு. கட்டைவிரல் மண்ணீரலுக்கு, ஆள்காட்டி விரல் ஈரலுக்கு, நடுவிரல் இதயத்துக்கு, மோதிரவிரல் நுரையீரலுக்கு, சுண்டுவிரல் சிறுநீரகத்துக்கு. வழக்கமாக இடக்கையில்தான் செய்வார்கள். ஆறு வயதுக்குள் நன்றாக வேலை செய்யும், பன்னிரண்டுக்கு மேல் பலன் குறைவு என்பது அவர்கள் கணக்கு.

சிறுவனைப் பார்த்தவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண். ஷான்டோங் இந்தக் கலைக்குப் பேர்போன மாகாணம். சிங்தாவ் நகரத்து லி தெஷியூ பரப்பிய வழியில் இவர் பயின்றவர். சில புள்ளிகளை மட்டும் எடுத்து ஒவ்வொன்றிலும் நெடுநேரம் செய்வது அந்த வழியின் பாணி.

முதலில் கேள்விகள். சளி என்ன நிறம், வியர்க்கிறதா, தண்ணீர் கேட்கிறானா, மலம் எப்படி. நாக்கை நீட்டச் சொன்னார். வெள்ளையாகத் தடித்த மாவு படிந்திருந்தது. சளி நீர்த்து வெள்ளையாக இருந்தது, தாகம் இல்லை, மலம் இளகிப் போகிறது. இதை வைத்து அவர் சொன்னது: மண்ணீரல் பலவீனம், ஈரச்சளி நுரையீரலில் தங்கியிருக்கிறது. சீன மருத்துவத்தில் சளி உண்டாகிற இடம் மண்ணீரல், சேருகிற இடம் நுரையீரல். இங்கே மண்ணீரல் என்பது உடற்கூறு நூலில் வருகிற உறுப்பு அல்ல; செரிமானத்தின் ஒட்டுமொத்த வேலைக்கு அவர்கள் வைத்த பெயர். மேலே நாங்கள் எழுதிய குறிப்புக்கும் இதற்கும் சொல்லளவில் எந்த ஒட்டும் இல்லை. ஆனால் கவனித்த விஷயங்கள் பெரும்பாலும் ஒன்றுதான்: மூச்சு, சளி, பசி, தூக்கம், முகத்தின் நிறம்.

அறை கதகதப்பாக இருந்தது. முதுகைத் திறக்க வேண்டும் என்பதால் அது கட்டாயம். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். நகங்களை ஒட்ட வெட்டியிருந்தார். தோல் உரசாமலிருக்க விரல் நுனியில் கொஞ்சம் பவுடர். குளிர் தாக்கிய இருமல் என்றால் பவுடருக்குப் பதில் இஞ்சிச் சாறு தொடுவாராம்.

புருவ நடுவிலிருந்து தலைமுடி தொடங்குமிடம் வரை இரண்டு கட்டைவிரலாலும் மாற்றி மாற்றி மேல்நோக்கித் தள்ளினார். அப்புறம் புருவத்தின் மேல் நடுவிலிருந்து ஓரங்களுக்கு, அப்புறம் நெற்றிப்பொட்டில் வட்டமாக. சளி பிடித்த எந்தக் குழந்தைக்கும் இதுதான் தொடக்கம். பையன் பாட்டியின் கைபேசியில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கை. ஆள்காட்டி விரலையும் மோதிரவிரலையும் சேர்த்துப் பிடித்து அடியிலிருந்து நுனிக்குத் தள்ளினார். நிமிடத்துக்கு இருநூறுக்குக் குறையாத வேகத்தில், ஐந்து நிமிடம் நிற்காமல். கேட்க எளிது, நான் செய்து பார்த்தபோது ஒரு நிமிடத்திலேயே மணிக்கட்டு கெஞ்சியது. அடுத்து உள்ளங்கை நடுவைச் சுற்றி ஒரு வட்டம். சளியைக் கலைத்து மூச்சை இறக்குவதற்கு என்றார். நான்கு விரல்களின் நடு மடிப்புக் கோடுகளில் கிடையாகத் தேய்த்தல். செரிமானத்துக்காகக் கட்டைவிரலின் ஓரம்.

மார்பில் இரண்டு காம்புகளுக்கு நடுவே உள்ள தான்ஜோங் புள்ளியில் மெதுவாகச் சுற்றி, அங்கிருந்து இருபுறமும் பிரித்துத் தள்ளினார். கவிழ்த்துப் படுக்கவைத்து, மூன்றாவது மார்பு முள்ளெலும்பின் இருபுறமும் இருக்கும் ஃபெய்ஷு புள்ளியில் பிசைந்தார். தோள்பட்டை எலும்பின் உள்ளோரமாக மேலிருந்து கீழே தள்ளினார். கடைசியாகத் தோல் சிவக்கும்வரை உள்ளங்கையால் முதுகைக் குறுக்கே தேய்த்தார். மொத்தம் இருபத்தைந்து நிமிடம். முதுகுப் பகுதிக்கு வருவதற்குள் பையன் கண் சொருகிப்போனான்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். மோதிரவிரலில் அடியிலிருந்து நுனிக்குத் தள்ளினால் நுரையீரலைச் சுத்தம் செய்வதாக இவர் வழி சொல்கிறது. நுனியிலிருந்து அடிக்குத் தள்ளுவதுதான் சுத்தம் செய்வது என்று எழுதிய பாடநூல்களும் உண்டு. நேரெதிர். இரண்டு தரப்பும் தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளைக் குணப்படுத்தியதாகவே சொல்லி வருகின்றன. இதை அவரிடமே கேட்டேன். கோபப்படவில்லை. “என் ஆசிரியர் இப்படிச் சொல்லித்தந்தார், நான் இப்படிச் செய்கிறேன்” என்றார்.

மூன்று நல்ல இரவுகளும் ஒரு கெட்ட இரவும்

துய்னா மருத்துவர் தாயிடம் முதல் நாளே ஒரு வேலை கொடுத்திருந்தார்: இரவில் இருமலால் எத்தனை முறை விழிக்கிறான் என்று எழுத வேண்டும். தாய் அதைக் கைபேசியில் குறித்தார். முதல் மசாஜ் அன்று இரவு ஐந்து. மறுநாள் மூன்று. அதற்கடுத்த நாள் இரண்டு. பாட்டிக்குப் பெருமிதம், டிரிப் கேட்டதை மறந்தேபோனார். எட்டாம் நாள் இரவு நான்கு ஆயிற்று.

ஒன்பதாம் நாள் மாலை வந்தபோது துய்னா மருத்துவர் முதலில் அந்த எண்ணைத்தான் கேட்டார். நான்கு என்றதும் பையனைப் படுக்கவைக்காமல் பாட்டியின் மடியிலேயே இருக்கச் சொல்லிச் சட்டையைத் தூக்கினார். கன்னம் சிவந்திருந்தது. மதியம் முதல் உடம்பு சுடுகிறது என்றார் பாட்டி. உள்ளே இருந்த சூடு மசாஜால் வெளியே வருகிறது, நல்லதுதான் என்பது அவர் எண்ணம். கேட்க நியாயமாகவே படும் விளக்கம்; அதனாலேயே ஆபத்தானது. துய்னா மருத்துவர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு முழு நிமிடம் வயிற்றின் அசைவை எண்ணினார். நாற்பத்தாறு.

“பாட்டி, இன்றைக்குக் கை வைக்க மாட்டேன். நேரே மேலே கூட்டிக்கொண்டு போங்கள்.”

ஒரு வயது முடிந்து ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு நிமிடத்துக்கு 40 மூச்சு அல்லது அதற்கு மேல் என்றால் வேகமூச்சு என்று உலக சுகாதார நிறுவனம் எல்லை வகுத்திருக்கிறது. காய்ச்சலே மூச்சை வேகப்படுத்தும் என்பதால் அந்த எண்ணை மட்டும் வைத்து நிமோனியா என்று சொல்லிவிட முடியாது. மேலே வந்தபோது வெப்பம் 39.1, ஆக்சிஜன் 95. காய்ச்சலைக் குறைத்துவிட்டு மறுபடி எண்ணினோம்; 42-க்குக் கீழே இறங்கவில்லை. வலது கீழ் நுரையீரலில் இழுத்து மூச்சுவிடும்போது நுண்ணிய வெடிப்பொலி. எக்ஸ்ரேயில் அதே இடத்தில் வெண்படலம். தொண்டையிலிருந்து எடுத்த மாதிரியில் பிசிஆர் மைக்கோபிளாஸ்மாவைக் காட்டியது.

சேர்க்க வேண்டிய அளவுக்கு இல்லை. நீர் குடிக்கிறான், மருந்து வயிற்றில் தங்குகிறது. அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக், கிலோவுக்கு 10 மில்லிகிராம், நாளுக்கு ஒருமுறை, மூன்று நாள். சீனாவில் பரவும் மைக்கோபிளாஸ்மாவில் பெரும்பகுதி இந்த மருந்துக்கு மசியாதது. அதனால் 72 மணி நேரத்தில் காய்ச்சல் விடாவிட்டால் வேறு வழி பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டது. எட்டு வயதுக்குக் கீழே டாக்சிசைக்ளின் வகை மருந்துகளைக் கொடுக்கத் தயங்குவார்கள் என்பதால் அந்த வேறு வழி சுலபமானதில்லை. இவனுக்கு அதிர்ஷ்டம். பதினொன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. நான்கு நாள் இடைவெளிக்குப் பின் இன்னொரு மூன்று நாள் மருந்து.

பதின்மூன்றாம் நாள் தாய் மறுபடி கீழே கூட்டிப்போனார். மூத்த மருத்துவர் ஆட்சேபிக்கவில்லை. மார்புப் பகுதியை இன்னும் ஒரு வாரம் அழுத்தமாகத் தேய்க்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அன்று இரவு இரண்டு முறை விழித்தான், மறுநாள் ஒருமுறை. இருமல் முழுவதும் நின்றது இருபத்தாறாம் நாள்.

மசாஜ் என்ன செய்தது?

ஆறிலிருந்து ஐந்து, மூன்று, இரண்டு. இந்த எண்களைப் பார்த்தால் துய்னா வேலை செய்தது என்று தோன்றும். ஆனால் அதே ஐந்தாம் நாள் இரவுதான் தேனும் ஈரத்துண்டும் தொடங்கின. ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளின் இரவு இருமலுக்குத் தேன் ஓரளவு உதவும் என்பதற்குச் சோதனை ஆதாரமே உண்டு. (ஒரு வயதுக்குக் கீழே பொட்டுலிசம் என்ற நச்சுநோய் அபாயம், கொடுக்கவே கூடாது.) காய்ந்த காற்று ஈரமானதும் ஏதாவது செய்திருக்கலாம். மூன்றையும் ஒரே இரவில் ஆரம்பித்துவிட்டு ஒன்றுக்கு மட்டும் மாலை போட முடியாது. பதின்மூன்றாம் நாளுக்குப் பிறகும் இதே சிக்கல்: அசித்ரோமைசின் வேலை செய்துகொண்டிருக்கும்போதுதான் மசாஜ் மீண்டும் தொடங்கியது.

இயற்கையாகவே சரியாகிற வேகத்தையும் கழிக்க வேண்டும். 2013-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, திடீரென வரும் இருமல் பாதிக் குழந்தைகளுக்குப் பத்து நாளில் நிற்கிறது. தொண்ணூறு சதவீதம் பேருக்கு நிற்க 25 நாள் ஆகிறது. பெற்றோர் எதிர்பார்ப்பதோ அதைவிடக் குறைவு. இருமல் உச்சத்தில் இருக்கும்போதுதான் வைத்தியம் தேடி வருகிறார்கள். அதற்குப் பிறகு எதைச் செய்தாலும் அது கேட்டதாகவே தெரியும்.

துய்னா பற்றிச் சீனாவில் சோதனைகள் நிறைய நடந்திருக்கின்றன. பெரும்பாலானவை சிறியவை. மருந்தோடு மசாஜ், மருந்து மட்டும் என்று இரண்டு குழுவாகப் பிரிப்பார்கள். யாருக்கு எது நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படி ஒப்பிட்டால் கூடுதல் கவனம் கிடைத்த குழு முந்துவதில் ஆச்சரியமில்லை. பெற்றோரின் நம்பிக்கை இருமலில் எவ்வளவு தூரம் பாயும் என்பதற்கு 2014-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வைப் பார்க்கலாம். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஒரு குழுவில் அகேவ் செடியின் இனிப்புப் பாகு, இன்னொன்றில் நிறமும் சுவையும் சேர்த்த வெறும் நீர், மூன்றாவதில் ஒன்றுமே இல்லை. பாகும் நீரும் சமம். ஆனால் இரண்டுமே ஒன்றும் கொடுக்காததைவிட மேல் என்று பெற்றோர் சொன்னார்கள்.

நுரையீரலில் இருந்த கிருமியை மசாஜ் தொடவில்லை. அது தெளிவு, ஒன்பதாம் நாள் எக்ஸ்ரே அதற்குச் சாட்சி. மசாஜால்தான் நிமோனியா வந்தது என்றும் சொல்ல முடியாது. மைக்கோபிளாஸ்மா மெதுவாக இறங்குகிற நோய், முதலில் ஒரு வைரஸ் வந்து பின்னால் இது ஒட்டியிருக்கவும் கூடும். வெதுவெதுப்பான அறையில் இருபத்தைந்து நிமிடம் ஒருவர் கையையும் முதுகையும் வருடினால் குழந்தை அயர்ந்து தூங்கும். அதற்கு மண்ணீரல் கோட்பாடு தேவையில்லை. இருமலால் தூக்கம் கெட்ட வீட்டில் அது சின்ன விஷயமும் இல்லை.

என் கணிப்பில் இந்த நிகழ்வில் துய்னா செய்த பெரிய வேலை விரல்களால் நடந்ததல்ல. எங்கள் மருத்துவர் ஐந்தாம் நாள் அவனைப் பார்த்தது சில நிமிடங்கள். வெளியே வரிசை படிக்கட்டு வரை நின்றது. துய்னா மருத்துவர் தினமும் அரைமணி நேரம் அவனைத் தொட்டுக்கொண்டிருந்தார். மூச்சை, நாக்கை, வயிற்றை, இரவுக் கணக்கைப் பார்த்தார். அதனால் எட்டாம் நாள் இரவின் நான்கு அவர் கண்ணில் பட்டது. காய்ச்சலை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டிருந்த பாட்டி தானாக அன்றே மேலே வந்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

இது நடந்ததற்கு இரண்டு காரணங்கள். அந்தப் பெண்ணுக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருந்தது. மேலே குழந்தை மருத்துவர் இருந்தார், நடுவில் ஒரு படிக்கட்டுதான். சீன நகரங்களின் வணிக வளாகங்களில் இப்போது குழந்தைகள் துய்னா கடைகள் வரிசையாக இருக்கின்றன. குறுகிய காலப் பயிற்சியோடு வந்தவர்கள், பத்து முறைக்கு முன்பணம் வாங்கும் அட்டைகள். அட்டையில் இன்னும் ஆறு முறை பாக்கி இருக்கும்போது வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்ப எல்லோருக்கும் மனம் வராது. இதே மசாஜ், இதே பையன், அப்படி ஒரு கடையில் இருந்திருந்தால் ஒன்பதாம் நாளும் முதுகைத் தேய்த்து அனுப்பியிருக்கலாம்.

இருமலோடு வருகிற எந்தக் குழந்தைக்கு மசாஜ் மேசைக்கே போகக் கூடாது என்பதையும் கோப்பில் சேர்த்தோம். விளையாடிக்கொண்டிருக்கும்போது காய்ச்சல் இல்லாமல் திடீரென இருமத் தொடங்கினால், வேர்க்கடலையோ பொம்மைத் துண்டோ மூச்சுக்குழாயில் போயிருக்கலாம். தொடர் இருமலுக்குப் பின் வாந்தியோ முகம் நீலமாவதோ இருந்தால் கக்குவான் இருமலை நினைக்க வேண்டும். 2024-ன் முதல் இரண்டு மாதங்களில் மட்டும் சீனாவில் 32,000-க்கு மேற்பட்டோருக்கு அது பதிவாயிற்று, 13 பேர் இறந்தார்கள். மூச்சிழுக்கும்போது குறட்டை போன்ற சத்தம், பால் குடிக்க முடியாமை, விலா உள்வாங்குதல், மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல், நான்கு வாரத்தைத் தாண்டிய இருமல் இவையெல்லாம் மேல்தளத்துக் கணக்கு.

டிசம்பர் கடைசியில் மறுபரிசோதனைக்கு வந்தான். மார்பு தெளிவாக இருந்தது, எக்ஸ்ரே மறுபடி எடுக்கவில்லை. எடை 16.9 கிலோ. பாட்டி இப்போது வாரம் ஒருமுறை முதுகெலும்பை ஒட்டித் தோலைக் கிள்ளி உருட்டும் மசாஜுக்குக் கூட்டிவருகிறார், பசி எடுப்பதற்காக. தாய் இரவுக் கணக்கை எழுதுவதை நிறுத்தவில்லை. அடுத்த சளிக்கு உதவும் என்றார். எதனால் குணமானான் என்று கேட்டேன். மாத்திரை என்றார் தாய், மசாஜ் என்றார் பாட்டி. பையன் தேன் என்றான்.